பயிலரங்கில் பாடத்திட்ட மாதிரியைப் பகிர ஒரு சின்ன வழி

கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துகிறீர்களா? பாடத்திட்ட மாதிரி, மதிப்பீட்டு அட்டவணை எதையாவது கூகுள் டாக்ஸிலோ ஷீட்ஸிலோ பகிரும்போது, லிங்க்கின் கடைசியில் 'எடிட்' என்று வரும் ஆங்கிலச் சொல்லையும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'காப்பி' (copy) என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்புங்கள். லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அனுமதி மட்டும் போதும்.

திறந்தவுடன் 'நகல் எடுக்கவா?' என்று கேட்கும், ஒரு கிளிக்கில் அவரவர் டிரைவில் தனி நகல் வந்துவிடும். எடிட் அனுமதி கேட்டு வரும் மின்னஞ்சல்கள் நின்றுபோகும், இயற்பியல் ஆசிரியர் நிரப்பிய கட்டத்தின் மேல் வணிகவியல் ஆசிரியர் எழுதிவிடுவதும் நடக்காது, உங்கள் மூலக் கோப்பும் அப்படியே இருக்கும். பயிலரங்கில் முதல் கால் மணி நேரம் இதிலேயே வீணாவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், அவர்கள் வகுப்பை விட்டு வந்திருக்கிறார்கள்.

எல்லாரும் ஒரே ஷீட்டில் சேர்ந்து எழுத வேண்டிய வேலைக்கு இது வேண்டாம். டிரைவில் ஏற்றிய பிடிஎஃப்புக்கும் பொருந்தாது. கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும், போனை விட கணினி பிரவுசரில் திறக்கச் சொல்வது நல்லது. அப்புறம் ஒன்று, மூலத்தில் நீங்கள் பிறகு செய்யும் திருத்தம் ஏற்கெனவே எடுத்த நகல்களுக்குப் போகாது, அதனால் பிழை பார்த்து முடித்த பிறகே அனுப்புங்கள்.