செயற்கைக்கோளைத் திருப்பும் காந்தச் சுருள்: வீட்டு உத்திரத்தில் கட்டித் தொங்கவிடலாம்

செயற்கைக்கோளின் முகத்தைத் திருப்ப உந்துபொறி, சுழல் சக்கரம் (உள்ளே சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் செயற்கைக்கோள் மறுபக்கம் திரும்பும்), காந்தச் சுருள் என்று பல வழிகள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற மாதிரிகளில் எப்போதும் சுழல் சக்கரம்தான் இருக்கும், பார்க்க வேகமாக இருக்கிறதே! எனக்குப் பிடித்தது காந்தச் சுருள். தேயும் பாகம் கிடையாது, எரிபொருள் கிடையாது. செம்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் விட்டால் அது ஒரு காந்தம். பூமியின் காந்தப்புலம் அதைப் பிடித்துத் திருப்பும். ஹப்பிள் தொலைநோக்கி கூட சக்கரங்களில் சேர்ந்துபோகிற வேகத்தைக் காந்தச் சுருளை வைத்துத்தான் இறக்கிக்கொள்கிறது.

இதைச் செய்து பார்க்க நம் குமரி மாவட்டம் தோதான இடம். காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு, நமக்குப் பக்கத்தில் ஓடுகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் அதுதான் காரணம். இங்கே புலம் ஏறக்குறைய முழுவதும் தரைக்கு இணையாக, சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. தொங்கும் பொருளைத் திருப்ப உதவுவது இந்தக் கிடைமட்டப் பகுதி மட்டுமே. லண்டனில் உட்கார்ந்து செய்பவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

சுருள்

10 செ.மீ. சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். மரம், அக்ரிலிக், பிவிசி அட்டை எதுவானாலும் சரி, இரும்பு மட்டும் கூடாது. 32 கேஜ் எனாமல் கம்பியை 200 சுற்றுச் சுற்றுங்கள். 80 மீட்டர் ஆகும், எடை 40 கிராம் சொச்சம். பம்புசெட் மோட்டாருக்கு காயில் கட்டுகிற கடையில் எடைக்கணக்கில் தருவார்கள். இணையத்தில் வாங்காதீர்கள், விலையும் கூடுதல், கேஜும் சில நேரம் மாறி வருகிறது. நுனி எனாமலை நன்றாகச் சுரண்டி, மல்டிமீட்டரில் 23 ஓம் அளவில் வருகிறதா என்று பாருங்கள்.

3.7 வோல்ட் பேட்டரியில் 0.16 ஆம்பியர் ஓடும். சுற்று எண்ணிக்கை, மின்னோட்டம், பரப்பு மூன்றையும் பெருக்கினால் 0.32 ஆம்பியர்-சதுரமீட்டர். அதைப் புலத்தால் பெருக்கினால் அதிகபட்சத் திருப்புவிசை 13 மைக்ரோ நியூட்டன்-மீட்டர். பத்து செ.மீ. குச்சியின் நுனியில் ஒரு அரிசிமணியை வைத்தால் வருகிற இழுப்பை விடக் குறைவு இது. இனி வரப்போகிற பாடெல்லாம் இந்த ஒரு எண்ணால்தான்.

தொங்கவிடுவது

இங்கே அவசரப்பட வேண்டாம். பலர் கைவிடுவது இந்த இடத்தில். சுருளும் சரி, மின்னோட்டமும் சரி, ஆனால் சட்டம் அசையாது. குற்றவாளி நூல்.

எந்த நூலும் முறுக்கினால் எதிர்க்கும். அந்த எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும்: விட்டம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு பதினாறு மடங்கு. 0.3 மி.மீ. தங்கூஸ் (நைலான் தூண்டில் நூல்) ஒரு மீட்டர் நீளத்துக்குக் கட்டினால் நம் 13-க்கு எதிரே அது ஒரு பொருட்டே இல்லை. 0.6 மி.மீ. கட்டினால் சுருளின் பலத்தில் பெரும்பகுதியை நூலே தின்றுவிடும். குளச்சலிலோ முட்டத்திலோ தூண்டில் சாமான் விற்கிற கடையில் 'இருக்கிறதிலேயே மெல்லிசு' என்று கேளுங்கள். நமக்கு வேண்டியது 200 கிராம் தாங்கும் நூல். கடைக்காரர் பெரிய மீனுக்குத் தாங்காது என்று எச்சரிப்பார், கண்டுகொள்ள வேண்டாம்.

தையல் நூலும் சணலும் உதவாது. அவை பல இழை திரித்தவை, எடை தொங்கியதும் திரி பிரியத் தொடங்கி, சட்டம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். தங்கூஸுக்கும் உருளையில் சுற்றி இருந்த வளைவு நினைவில் இருக்கும். அதே எடையுள்ள வேறொரு பொருளைக் கட்டி ஓர் இரவு விட்டுவையுங்கள், மறுநாள் அமைதியாகிவிடும்.

எங்கே கட்டுவது? ஓட்டு வீட்டு மர உத்திரம் என்றால் யோசிக்கவே வேண்டாம். கான்கிரீட் கூரைக்குள் கம்பி இருக்கிறது, ஆகவே நூலை நீளமாக விட்டு, சட்டம் கூரைக்கும் தரைக்கும் நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். இரும்பு பீரோ, கேட், ஃபேன் மோட்டார் எல்லாவற்றையும் விட்டு விலகி இருங்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் ஜன்னலைச் சாத்தினாலும் போதாது, பெரிய அட்டைப்பெட்டிக்குள் தொங்கவிட்டு முன்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும்.

சுருளின் தளம் செங்குத்தாக நிற்க வேண்டும். அடியில் ஒரு குச்சியை முள்ளாக ஒட்டி, தரையில் டிகிரி குறித்த வட்டத்தாளை விரித்துவிடுங்கள்.

முதல் சோதனை

எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இப்போது வேண்டாம். பேட்டரியைச் சுருளோடு நேரடியாக இணைத்துச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். கீழிருந்து வயர் போனால் அந்த வயரே இன்னொரு முறுக்கு. சட்டம் மெல்லத் திரும்பி, வடக்கைத் தாண்டி, மறுபடி வரும். ஒரு முழு ஆட்டத்துக்கு அரை நிமிடம் வரை ஆகலாம். பேட்டரியைத் திருப்பி இணைத்தால் எதிர்ப்பக்கம் நிற்கும். இது நடக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: சுருளை இணைக்காமலே சட்டம் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் வைத்திருந்தது 18650 பேட்டரி. அதன் உறை எஃகு, கொஞ்சம் காந்தமேறியிருந்தால் அதுவே திசைகாட்டி ஆகிவிடும். தட்டையான லித்தியம் பாலிமர் பேட்டரி வாங்குங்கள். திருகாணிகளும் பித்தளை அல்லது நைலான்.

மூளை

இனி, சட்டத்தின் சுழற்சியைத் தானாக அடக்கப் பழக்குவோம். அதற்கு ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சிறு கணிப்பலகை, 3.3 வோல்ட் வகை. வைஃபை உள்ள இஎஸ்பி 32 நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பல மலிவுப் பலகைகளில் உள்ள ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும், 3.7 வோல்ட்டில் அடிக்கடி ரீசெட் ஆகும். சுருளை இருபக்கமும் ஓட்ட டிஆர்வி 8833 என்ற மோட்டார் ஓட்டும் பலகை. எல்லோர் வீட்டிலும் கிடக்கிற எல்298-ஐத் தொடவேண்டாம், இரண்டு வோல்ட் அதிலேயே போய்விடும், மிச்சத்தில் என்ன திரும்பும்?

காந்த உணரிக்கு எச்எம்சி 5883 என்று கேட்டால் பெரும்பாலும் கியூஎம்சி 5883 தான் கையில் வரும். முகவரி 30 (0x1E) என்றால் முதலாவது, 13 (0x0D) என்றால் இரண்டாவது. முகவரி தேடும் நிரலை ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ற நூலகத்தைப் போடுங்கள். உணரியின் ஓர் அச்சு, சுருளின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்.

நிரல்

சுருள் ஓடும்போது அதன் நடுவில் பூமியின் புலத்தைப் போல ஒன்பது மடங்கு புலம் இருக்கும். அப்போது அளந்தால் உங்கள் சுருளைத்தான் அளப்பீர்கள். எனவே ஒரு விநாடியை இரண்டாகப் பிரிக்கிறோம். முதல் 200 மில்லிவிநாடி சுருள் அணைந்திருக்கும்: 10 மில்லிவிநாடி பொறுத்து, பத்து அளவீடு எடுத்துச் சராசரி. மீதி 800 மில்லிவிநாடி சுருள் ஓடும். உண்மையான சிறு செயற்கைக்கோள்களிலும் இப்படித்தான் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள்.

விதி ஒரே வரி. சென்ற விநாடியை விட இப்போது அந்த அச்சின் புலம் கூடியிருந்தால் சுருளை எதிர்த்திசையில் ஓட்டு, குறைந்திருந்தால் நேர்த்திசையில். மாற்றம் 0.5 மைக்ரோ டெஸ்லாவுக்குக் கீழே என்றால் சும்மா இரு. ராக்கெட்டிலிருந்து பிரிந்து கரணமடிக்கும் செயற்கைக்கோளை அடக்குகிற பி-டாட் முறை இதுவே.

அடுத்தடுத்த அளவீடுகளைக் கழிக்காதீர்கள். விநாடிக்கு 2 டிகிரி சுழலும்போது புலம் ஒரு விநாடியில் அதிகபட்சம் 1.4 மைக்ரோ டெஸ்லாதான் மாறும். பத்தில் ஒரு விநாடிக்கு 0.14. உணரியின் இரைச்சலே அதைவிட அதிகம். ஒரு முழு விநாடி இடைவெளி விட்டுக் கழிப்பது அதற்காகத்தான்.

சட்டத்தைக் கையால் மெல்லச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தளர வேண்டும். வேகம் கூடினால் சுருளின் இரு முனைகளையும் மாற்றிப் போடுங்கள், நிரலைத் தேட வேண்டாம்.

சுருள் கைவிடும் திசை

சுருளின் அச்சு, அதாவது அதன் தளத்துக்குச் செங்குத்தான கோடு, வடக்கு-தெற்காக நிற்கும்போது எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் திருப்புவிசை பூஜ்யம். வானத்திலும் இதே கதைதான். புலக்கோட்டைச் சுற்றி மட்டும் எத்தனை சுருள் இருந்தாலும் திருப்ப முடியாது. பாதையில் நகர நகரப் புலத்தின் திசை மாறும், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். உயரமும் ஒரு தடை. தாழ்ந்த பாதையில் 20 முதல் 50 மைக்ரோ டெஸ்லா வரை கிடைக்கிற புலம், புவிநிலைப் பாதையில் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். சூரியனைச் சுற்றி வந்த கெப்ளர் தொலைநோக்கிக்கு இந்த வழியே இல்லை. 2013-ல் அதன் இரண்டாவது சக்கரமும் போனபிறகு, சூரிய ஒளியின் அழுத்தத்தைத் துணைக்கு வைத்துச் சமாளித்தார்கள்.

நம் தொங்கும் சட்டத்தில் இந்தச் செத்த திசையைத் தாண்ட, முதல் சுருளுக்குக் குறுக்காக இரண்டாவது சுருள் ஒன்று சுற்றினால் போதும். டிஆர்வி 8833-ல் இரண்டு பக்கம் இருப்பதால் வேறு பலகை வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: அட்டைப்பெட்டிக்குள் தொங்கவிட்டதும் முள் ஒரு மூலையையே பார்த்து நிற்கிறது என்பவர்கள், பெட்டியின் அடியில் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிடுங்கிவிட்டு டேப் ஒட்டுங்கள்.