சீன், நாடகத்தனம், ஹிஸ்ட்ரியானிக், கூத்து: இந்த வார்த்தைங்கள யூஸ் பண்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் பக்கம் யாராவது கொஞ்சம் சத்தமா அழுதாலோ கைய வீசி சண்டை போட்டாலோ உடனே "இன்னாத்துக்கு இப்போ சீன் போடுற"னு கேட்டுடுவாங்க, எழுதுறவங்க அதையே நாடகத்தனம்னு எழுதுவாங்க, இங்கிலீஷ்காரங்க ஹிஸ்ட்ரியானிக்னுவாங்க. மேடையில நின்னு நாலு பேருக்கு காட்டுற மாதிரி உணர்ச்சிய தேவைக்கு மேல காட்டுறது, அதான் மேட்டர்.

இதுல பெரிய தப்பு, மிகைன்னா பொய்தான்னு முடிவு கட்டுறது. "நாடகம் ஆடுறா"ன்னா ஏமாத்துறான்னு அர்த்தம், ஆனா "நாடகத்தனமா பேசுறா"ன்னா அளவு ஜாஸ்தின்னு மட்டும்தான் அர்த்தம். காட்பாடி ஸ்டேஷன்ல பர்ஸ அடிச்சிட்டாங்கன்னு ஒரு அம்மா பிளாட்ஃபார்ம்லயே உக்காந்து தலையில அடிச்சிக்கிட்டு கத்துறாங்கன்னு வைங்க, சத்தம் ஜாஸ்தியா இருக்கலாம், பர்ஸ் போனது நிஜம்தானே. எழவு வீட்ல மாரடிச்சு ஒப்பாரி வைக்கிறத சீன்னு சொல்றது இன்னும் மோசம், அது காலங்காலமா துக்கத்த சேர்ந்து சொல்ற முறை.

ஹிஸ்ட்ரியானிக்கையும் ஹிஸ்டீரியாவையும் ஒண்ணா போட்டு குழப்புறாங்க, முதல் வார்த்தை நடிகனக் குறிக்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, ரெண்டாவது கருப்பையக் குறிக்கிற கிரேக்க சொல்லுல இருந்து வந்தது, சம்பந்தமே இல்ல. அப்புறம் ஹிஸ்ட்ரியானிக் பெர்சனாலிட்டி டிஸார்டர்னு மனநல மருத்துவத்துல ஒண்ணு இருக்கு, 8 அறிகுறியில குறைஞ்சது 5 இருக்கணும், அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வாலிப வயசோட ஆரம்பத்துல இருந்தே பல இடத்துல அந்த குணம் தெரியணும், டாக்டர்தான் பாத்து சொல்லணும். கல்யாண வீட்ல அழுத சித்திக்கும் ஸ்டேட்டஸ்ல சோகப்பாட்டு போடுற பொண்ணுக்கும் நீங்களா அந்த பேர ஒட்டாதீங்க.

எனக்கு ரொம்ப வருத்தம் கொடுக்கிறது கூத்துங்கிற வார்த்தைக்கு ஆன கதிதான். குடிச்சிட்டு தெருவுல ரகளை பண்றவன "கூத்தடிக்கிறான்"னு சொல்றோம், அதுவும் தெருக்கூத்துக்கு பேர் போன வடாற்காட்டுக்காரங்க நாமளே சொல்றோம். செய்யாறு பக்கத்து புரிசை, தெருக்கூத்து கலைஞர் கண்ணப்ப தம்பிரான் ஆடின ஊர், 1989ல மாவட்டத்த பிரிக்கிற வரைக்கும் நம்ம வடாற்காடுதான். கூத்துல எல்லாமே பெருசா இருக்கும், ஆனா காரணத்தோட. மைக்கும் கரண்டும் இல்லாத காலத்துல கோயில் முன்னாடி திறந்தவெளியில தீப்பந்த வெளிச்சத்துல விடிய விடிய ஆடணும், கடைசியில துண்ட விரிச்சு உக்காந்திருக்கிற தாத்தாவுக்கும் அது துரியோதனன்னு தெரியணும், அதுக்குத்தான் அந்த பெரிய கிரீடம், தோள்ல மரத்துல செஞ்ச புஜக்கட்டை, முகம் பூரா வண்ணம், அடிவயித்துல இருந்து எடுக்கிற குரல். துரியோதனன் நேரா நடந்து வந்துட மாட்டாரு, ரெண்டு பேர் திரைய புடிச்சிருக்க பின்னாடி இருந்தே பாடுவாரு, கூத்துல கோமாளியா வர்ற கட்டியக்காரன் நீ யாரு எந்த நாட்டு ராஜான்னு கேப்பான், திரை விலகினதும் தாளத்துக்கு கிறுகிறுன்னு சுத்தி ஆடுவாரு பாருங்க, கால் ஒரு இடத்துல தப்பினாலும் மிருதங்கக்காரருக்கு தெரிஞ்சிடும். திரௌபதி அம்மன் கோயில்ல மகாபாரதத்த கூத்தா ஆடுற அக்னி வசந்த விழாவோட கடைசி நாள், போர்க்களம் மாதிரி அமைக்கிற படுகளத்துல மண்ணுல செஞ்ச பெரிய துரியோதனன் படுத்திருக்க, பீமன் தொடையில அடிச்சதும் திரௌபதி கூந்தல முடியிறப்போ கூட்டத்துல நிஜமா அழுவாங்க. இவ்ளோ அளவுபாத்து செய்ற மிகைய கட்டுப்பாடு இல்லாத ரகளைக்கு பேரா வெக்கிறது நியாயமே இல்ல, ரகளைய ரகளைன்னே சொல்லலாம்.

எழுதுறவங்களுக்கு இன்னொண்ணு, நாடகத்தன்மை வேற நாடகத்தனம் வேற. ஒரு கதையில திருப்பம் நல்லா வந்திருந்தா நாடகத்தன்மைன்னு எழுதுங்க, அது குறை இல்ல. தனம்னு முடிச்சா திட்டுற மாதிரி ஆயிடும், சின்னத்தனம் அல்பத்தனம் வரிசையில போய் சேர்ந்துடும், பாராட்டி எழுதுற விமர்சனத்துல இத மாத்தி போட்டா எழுதினவர் மனசு நொந்துடும்.