சைக்கிள் ஃபோர்க்கின் ஸ்டியரர் டியூபை வெட்டுவது எப்படி

ஸ்டியரர் டியூப் என்பது ஃபோர்க்கிலிருந்து மேலே போய் ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய். வெட்டிய குழாயை மறுபடி நீட்ட முடியாது, அதனால் ரம்பத்தைத் தொடுவதற்கு முன் அளவை முடிவு செய்துவிடுங்கள். கிரவுன் ரேஸ் (கீழ் பேரிங் உட்காரும் வளையம்) குழாயின் அடியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேரிங், ஸ்பேசர் (இடைவெளி வளையம்), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) எல்லாவற்றையும் மாட்டி, ஸ்டெம்முக்கு மேலே ஒரு 5 மில்லிமீட்டர் ஸ்பேசரும் வைத்து, இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் மேல் விளிம்பை ஒட்டிக் குழாயில் கோடு போடுங்கள். வெட்ட வேண்டியது அந்தக் கோட்டில் இல்லை, அதற்கு 3 மில்லிமீட்டர் கீழே. குழாய் ஸ்பேசரை விட உயரமாக நின்றால் டாப் கேப் (மேல் மூடி) குழாயின் மேலேயே முட்டிக்கொள்ளும், எவ்வளவு முறுக்கினாலும் ஹெட்செட்டின் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதியின்) ஆட்டம் போகாது. ஹேண்டில்பார் உயரத்தில் சந்தேகம் இருந்தால் இன்னும் இரண்டு ஸ்பேசர் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஃபோர்க்கைக் கழற்றி, வெட்டும் கைடில் பிடித்து, இஞ்சுக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடால் அவசரப்படாமல் அறுங்கள். கைடு இல்லையென்றால் பழைய ஸ்டெம் ஒன்றை மாட்டி அதன் விளிம்பை ஒட்டி அறுக்கலாம். உள்ளும் புறமும் பிசிறை அரத்தால் ராவிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டெம் இறங்கும்போது கீறும். ஸ்டார் நட்டை (டாப் கேப்பின் போல்ட் பிடிக்கக் குழாய்க்குள் இறக்கும் நட்டு) குழாயின் வாயிலிருந்து 15 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக அடித்து இறக்குங்கள். கார்பன் குழாய் என்றால் ஸ்டார் நட் கூடவே கூடாது, எக்ஸ்பாண்டர்தான் (உள்ளே விரிந்து பிடிக்கும் பிளக்). பிளேடும் கார்பனுக்கானது வேண்டும், தூசியை மூச்சில் இழுக்காமல் முகமூடி போடுங்கள்.

மாட்டும்போது முதலில் டாப் கேப், ஆட்டம் நின்றதும் ஸ்டெம் போல்ட்.