பாய்க்கு ஆங்கிலச் சீட்டு: ஹைஃபன் எங்கே, கமா எங்கே?

பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பானை, அம்பாசமுத்திரம் மரச்செப்பு எதுவானாலும், வெளிநாட்டுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் விவரச்சீட்டு எழுதியாக வேண்டும். அதில் சொற்களை இணைக்கும் ஹைஃபன் என்ற ஒரு சிறு கோடு விட்டுப்போனால் ஆர்டரே மாறிவிடும்.

'டென் ஃபுட் லாங் மேட்ஸ்' என்பதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். 'டென்-ஃபுட்-லாங் மேட்ஸ்' என்றால் பத்தடி நீளப் பாய்கள். எத்தனை என்று அதில் இல்லை. 'டென் ஃபுட்-லாங் மேட்ஸ்' என்றால் ஓரடி நீளத்தில் பத்துப் பாய்கள். எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதிவிடுவதே பத்திரம்.

பெயர்ச்சொல்லுக்கு முன் அளவு வந்தால் ஹைஃபன் போட்டு ஒருமையில் எழுதுங்கள்: 'சிக்ஸ்-ஃபுட் மேட்'. நாமும் ஆறடிப் பாய் என்றுதானே சொல்கிறோம்! பெயருக்குப் பின் வந்தால் ஹைஃபன் கிடையாது, பன்மை வரும்: 'தி மேட் இஸ் சிக்ஸ் ஃபீட் லாங்'. இரண்டு அளவுகள் இருந்தால் 'த்ரீ- அண்ட் சிக்ஸ்-ஃபுட் மேட்ஸ்'. செ.மீ. குறியீட்டோடு எண் வந்தால் இடைவெளி மட்டும் போதும்.

நிறத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'ரெட்-அண்ட்-கிரீன் மேட்ஸ்' என்றால் ஒவ்வொரு பாயிலும் இரண்டு நிறமும் உண்டு. ஹைஃபன் இல்லாவிட்டால் சிவப்புப் பாய் தனி, பச்சைப் பாய் தனி என்றும் படிப்பார்கள்.

'லி'யில் முடியும் வினையடைக்கு ஹைஃபன் வேண்டாம்: 'ஃபைன்லி வோவன் மேட்'. அது அடுத்த சொல்லைத்தான் தழுவும் என்பது அதன் வடிவத்திலேயே தெரிகிறது. 'வெல்'லுக்கு அப்படி அடையாளம் இல்லை, ஆகவே 'வெல்-மேட் பாட்'. 'ஃப்ரெண்ட்லி' லியில் முடிந்தாலும் பெயரடை. 'ஈகோ-ஃப்ரெண்ட்லி மேட்' என்றே எழுத வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

கமாவுக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு பெயரடைகளுக்கு நடுவே 'அண்ட்' சேர்த்தும், அவற்றை இடம் மாற்றியும் பாருங்கள். இரண்டு விதத்திலும் இயல்பாக இருந்தால் கமா போடலாம்: 'சாஃப்ட், டியூரபிள் மேட்'. 'ஸ்மால் ரெட் பாட்' இந்தச் சோதனையில் தேறாது, 'ரெட் ஸ்மால் பாட்' காதுக்கு ஒட்டவில்லை. அங்கே கமா வேண்டாம். கடைசி அடைக்கும் பெயருக்கும் நடுவே கமா வரவே வராது. கூட்டு அடையையும் கமாவால் பிரிக்காதீர்கள்: 'சாஃப்ட், லாங்-லாஸ்டிங் மேட்' சரி, 'சாஃப்ட், லாங், லாஸ்டிங் மேட்' என்றால் பாய் நீளமானது என்றாகிவிடும்.

மேலே பார்த்த 'த்ரீ- அண்ட்' போன்ற இடம் தவிர, சொற்களை இணைக்கும் ஹைஃபனின் இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். ஃபோனில் ஹைஃபனை இருமுறை தட்டினால் அது நீளக்கோடாக மாறிவிடுவதுண்டு. அச்சுக்குக் கொடுக்குமுன் அதையும் பார்த்துத் திருத்துங்கள்.