செம்பருத்தியும் மாவுப்பூச்சியும்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மொட்டை மாடிச் செம்பருத்தியின் கொழுந்து சுருண்டு முடங்கும். மொட்டு விரியாமலே உதிரும். சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்தால், கணுவில் அரிசி மாவை அப்பியதுபோல் வெள்ளை. மாவுப்பூச்சிதான். அன்றைக்கே எதையாவது அடித்துத் தீர வேண்டும் என்று கை பரபரக்கும். செடி பாதி கெடுவது பூச்சியால் என்றால், மீதி கெடுவது இந்தப் பரபரப்பால்.

முதலில் என் தவறு. ஒரு முறை மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, சற்றுப் பெரிதாக, உடம்பெங்கும் வெள்ளைத் திரிகள் தொங்க ஐந்தாறு உருப்படிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இவைதான் தாய்ப்பூச்சிகள் என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவை கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்றே வளர்பவை. 1898-இல் காப்பித் தோட்டங்களின் பூச்சித் தொல்லைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது. அடையாளம் காண்பது கடினமில்லை. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். குச்சியால் தொட்டாலும் சோம்பலாகத்தான் அசையும். வண்டின் புழு அதைவிடப் பெரிது, திரிகள் நீளம், தொட்டால் ஓடும். வளர்ந்த வண்டு கருமையாக, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். இவற்றைக் கண்டால் அந்தச் செடியில் எதையும் தெளிக்காமல் சில நாள் பொறுத்துப் பாருங்கள்.

செடியில் எறும்பு ஏறினால், பூச்சியைத் தின்றுவிடும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. நடப்பது வேறு. சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி மிஞ்சியதை இனிப்புத் திரவமாக வெளியேற்றுகிறது. எறும்பு வருவது அதற்காகத்தான். கறவை மாட்டைக் காப்பதுபோல் காத்து, நெருங்கும் பொறிவண்டையும் விரட்டும். அந்தத் திரவம் சிந்திய இலைகளில் கரும்பூசணம் படரும். ஆகவே எறும்பின் வழியை அடைக்காமல் மருந்து தெளிப்பது பாதி வேலைதான். தண்ணீர்த் தட்டுக்கு நடுவே செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். கிளை எதுவும் சுவரைத் தொடக் கூடாது. தட்டில் கொசு முட்டையிடாதபடி ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள்.

அடுத்தது வேப்பெண்ணெய். எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் கலந்துவிடாது. சற்று நேரத்தில் மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் செடிகளுக்கு வெறும் தண்ணீரும், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போய்ச் சேரும். அந்தக் கடைசிச் செடிதான் கருகும். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். முதலில் அதைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகு தண்ணீரைச் சேருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். சோப்புக்குப் பதில் துணி துவைக்கும் பவுடரைப் போட்டால் இலை ஓரம் தீய்ந்துபோகும். வெயிலில் தெளித்தாலும் அதே கதிதான். மாலையில் தெளியுங்கள், அதுவும் முதல் நாள் இரண்டு இலையில் மட்டும்.

எவ்வளவு நல்ல கரைசலானாலும் மேலாகத் தெளித்தால் பயனில்லை. பூச்சியின் மேல் படிந்திருக்கும் மெழுகு நீரைத் தள்ளிவிடும். முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கணுவையும் இலையின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். இலை உலர்ந்தபின் தெளியுங்கள். பஞ்சுபோன்ற முட்டைப் பைக்குள் இருப்பவை அப்போதும் தப்பும். ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். எனவே வாரம் ஒரு முறையாக மூன்று முறை தெளித்தாக வேண்டும். ஒரே தெளிப்போடு விட்டவர்கள்தான் "வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

வெட்டிய கிளையை மாடி மூலையில் போடாதீர்கள். குஞ்சுகள் நடந்தே அடுத்த தொட்டிக்குப் போகும். பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடி வாடுகிறதே என்று யூரியா போடுவதும் வேண்டாம். தழைச்சத்து மிகுந்து தளதளக்கும் கொழுந்துதான் பூச்சிக்கு விருந்து.

கடையில் வாங்கும் கடும் பூச்சிக்கொல்லி எனக்கு உடன்பாடில்லை. செம்பருத்திப் பூவில் தேன்சிட்டு வாய் வைக்கிறது. நாமும் பூவை எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கிறோம். மருந்து பொறிவண்டையும் சேர்த்தே கொல்லும். 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் பரவியது. மருந்துகளுக்கு அடங்காத அதை அடக்கியது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவிலான ஒட்டுண்ணிக் குளவி.

நர்சரியிலிருந்து வாங்கிய செடியை அன்றே மற்றவற்றோடு சேர்த்து வைப்பதும் தவறுதான். இரண்டு வாரம் தனியே வைத்திருங்கள். தொட்டியைத் தூக்கி அதன் அடி ஓட்டையையும் பாருங்கள். பல வீடுகளுக்கு மாவுப்பூச்சி அந்த வழியாகத்தான் வந்து சேர்கிறது.