சிறுகதையில் பதற்றம் கெடும் இடங்கள்

பதற்றம் வரவேண்டும் என்று எல்லாவற்றையும் மறைத்து வைப்பதுதான் புதிதாக எழுதுவோர் செய்யும் பெரிய தவறு. ஒன்றுமே தெரியாத வாசகருக்குப் பயப்படவும் ஒன்றுமில்லை. பாத்திரம் அறியாத ஆபத்தை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

உதாரணமாக, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. மாசி மாதம், வேளாண்மை (நெற்பயிர்) அறுவடைக்கு நிற்கிறது. அப்பா பரணில் காவல். மகன் இரவுச் சோற்றோடு சைக்கிளில் வருகிறான். கடைசிப் பந்தியில் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு கண அதிர்ச்சி, அவ்வளவுதான். குளக்கட்டுப் பக்கம் யானை வேலி அறுந்து கிடப்பதை இரண்டாம் பந்தியிலேயே காட்டிவிடுங்கள். மகன் வருவதும் அந்த வழிதான். இனிச் சைக்கிள் செயின் கழன்று அவன் இருட்டில் குனிந்து மாட்டினாலே வாசகருக்கு நெஞ்சு படபடக்கும். 1500 சொல் கதையென்றால் முதல் 200 சொல்லுக்குள் அந்த வேலி வந்துவிட வேண்டும்.

அடுத்தது, அளவு சொல்லாமல் விடுவது. அப்பாவிடம் யானையை விரட்டும் யானை வெடி இருந்தது என்றால் போதாது. இரண்டு என்று எண்ணிக் காட்டுங்கள். ஒன்றை எருமைச் சத்தத்துக்கு வீணாகக் கொளுத்தட்டும். மற்றது பனியில் நனைந்த சாக்கில் கிடக்கட்டும். இவ்வளவும் கட்டியபின் வனஜீவராசிகள் திணைக்கள வாகனம் தற்செயலாக வந்து யானையை விரட்டினால் அத்தனையும் பாழ்.

உரையாடலில் பயத்தைப் பயமென்றே சொல்லவைக்காதீர்கள். மகன் பரணேறியதும் கீழே ஏதோ முறிகிறது. “யானை மனே, பயமாக்கிடக்கு” என்பதைவிட, “லைட்ட நூத்துட்டுச் சாப்பிடு மனே” என்று அப்பா விளக்கை அணைக்கச் சொல்வது கூடுதலாக அச்சுறுத்தும்.

நெருக்கடி உச்சத்தில் பழைய நினைவுக்குப் போவதும் கூடாது. அண்ணனை யானை அடித்த கதை தேவையென்றால் மகன் வீட்டிலிருந்து புறப்படும்போதே இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். ‘திடீரென’, ‘மர்மமான’ போன்ற சொற்களைத் திருத்தும்போது வெட்டுங்கள். பெரும்பாலும் எதுவும் குறையாது. குறுவாக்கியங்களை உச்சத்துக்கென்று சேமியுங்கள், முதலிலிருந்தே வெட்டி வெட்டி எழுதினால் அங்கே வேகம் கூட்ட வழியிருக்காது.

பருவமும் பிசகக்கூடாது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் அடைமழையைக் கொட்டவைத்தால், மட்டக்களப்பு வாசகர் யானையையும் நம்பமாட்டார்.