நூல் மாதிரி வந்த தண்ணி

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் பழைய தொடர்மாடி வீடொன்று வாங்கினேன். பஸ் ஹோர்ன், கோயில் மணி எல்லாம் பழகிவிட்டது. குழாயில்தான் தண்ணி நூல் மாதிரி வந்தது. "தாங்கி சின்னன் தம்பி" என்றார் பழைய உரிமையாளர். நம்பி 1000 லீற்றர்த் தாங்கி வைத்தேன், காசுதான் போனது.

பிறகு மேசன் குசினிச் சுவரைக் கொத்தி, பழைய இரும்புப் பைப்பில் ஒரு சாண் வெட்டிக் காட்டினார். உள்ளே சுண்ணாம்பும் துருவும் அப்பி, பென்சில் போகிற அளவுக்குத்தான் ஓட்டை. எங்கட நிலம் சுண்ணக்கல்; கிணற்றுத் தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலின் அடியைப் பார்த்த எனக்கு இது முதலே விளங்கியிருக்க வேண்டும். முழுவதையும் பிவிசிக்கு மாற்றினோம், சுவருக்கு வெளியால. வடிவில்லைத்தான், ஆனால் இனிச் சுவர் உடைக்கத் தேவையில்லை. வெட்டின துண்டு இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

முதல் வீடு வாங்கேக்கை உறுதிப் பத்திரம் எழுதுவதிலும் இழுபறி. விற்ற அக்கா கல்யாணமானவர். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அவரோ கனடாவில். "அது கைக்கு வருமட்டும் முற்பணம் குடுக்காதேங்கோ" என்று நொத்தாரிசு மறித்துவிட்டார். ஒன்றரை மாதம் காத்திருந்துதான் கையெழுத்து வைத்தோம்.